ஹெட்டைச் சீவியாச்சு... டைமிங்கை மாத்தியாச்சா?
பிஸ்டனில் ஓட்டை போடும் அவசரத் தீப்பொறி!

பசுவந்தனை, கடம்பூர், கயத்தாறு பக்கம் பழைய மோட்டார் சைக்கிளுக்கு மவுசு இன்னும் குறையவில்லை.

யமாகா ஆர்.எக்ஸ்.100 வந்தது 1985-ல். தயாரிப்பு நின்றது 1996-ல். ஆனாலும் அந்த "டர்ர்ர்..." சத்தம் கேட்டால் டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

வண்டி கைக்கு வந்ததும் வாலிபர்கள் சும்மா இருப்பதில்லை. லேத் பட்டறையில் கொடுத்து ஹெட்டைச் சீவுகிறார்கள். போர்ட்டை அரம் போட்டு அகலப்படுத்துகிறார்கள். கார்ப்பரேட்டரும் சைலன்சரும் மாறுகின்றன. வண்டி பறக்கிறது!

எத்தனை நாளைக்கு?

சித்திரை வெயிலில், ரெண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது "டிங்... டிங்..." என்று கல்லில் சுத்தி தட்டுவது போல் ஒரு சத்தம். அப்புறம் இழுவை போகும். வண்டி நடுரோட்டில் நிற்கும். கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை!

"டூப்ளிகேட் பிஸ்டனைத் தலையில கட்டிட்டான்" என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மேல் பழி விழும். பல தடவை அவர் நிரபராதி. எஞ்சினை மாற்றிவிட்டு, தீப்பொறி விழும் நேரத்தை மட்டும் பழையபடி விட்டதுதான் குற்றம்.

தீப்பெட்டி ஊருக்குத் தெரியாததா?

தீப்பெட்டி வேலை பார்த்த கோவில்பட்டி வட்டாரத்துக்கு இதை விளக்குவது சுலபம். குச்சியை உரசினால் மருந்து சட்டென்று பற்றும். குச்சி முழுதும் எரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சிலிண்டருக்குள்ளும் அதே கதைதான். பிளக் பொறி விட்ட இடத்திலிருந்து தீ நடந்துதான் பரவுகிறது.

எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 சுற்று. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பற்ற வைத்தால், தீ பரவுவதற்குள் அது பாதி தூரம் கீழே ஓடிவிடும். அதனால்தான் உச்சிக்கு வருமுன்பே பொறி விட வேண்டியிருக்கிறது. இதற்குத்தான் "அட்வான்ஸ்" என்று பெயர். பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்துக்கு வர வேண்டும். அதுதான் கணக்கு.

இப்போது ஹெட்டைச் சீவியாச்சு. கலவை முன்னைவிட இறுக்கமாக அமுங்குகிறது. பெட்டிக்குள் நெருக்கி அடுக்கிய குச்சியில் ஒன்று பற்றினால் என்ன ஆகும்? "புஸ்"ஸென்று மொத்தமும் போய்விடும் அல்லவா? அதேதான். தீ வேகமாகப் பரவுவதால், பொறி இப்போது கொஞ்சம் தாமதமாக விழ வேண்டும். கம்பெனி புத்தகத்தில் போட்ட அளவு கம்பெனி எஞ்சினுக்குத்தான். சீவின எஞ்சினுக்கு அது செல்லாது.

செல்லாத அளவை வைத்து ஓட்டினால், பிஸ்டன் ஏறி வரும்போதே எதிரில் அழுத்தம் மோதுகிறது. மிச்சக் கலவை தானாக வெடிக்கிறது. அதுதான் அந்த "டிங் டிங்". மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்பார்கள்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். சிலிண்டருக்குள் தீயின் சூடோ 2000 டிகிரிக்கும் மேல். அப்புறம் எப்படி பிஸ்டன் பிழைக்கிறது? அதன் தலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வாயுப் படலம்தான் காவல். நாக்கிங் அலை அந்தப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. அதன்பிறகு ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது.

காலை உடைக்கும் புல்லட்!

புல்லட்காரர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாயிண்ட் வைத்த பழைய 350 புல்லட்டுக்கு உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு பொறி என்பது அளவு. அட்வான்ஸ் யூனிட் விரியாத நிலையில் பார்க்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங் ரொம்ப முந்திவிட்டால் உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் தாங்காது!

வீட்டிலேயே செய்யலாமா? தாராளமாக. பொறுமைதான் வேண்டும்.

முதல் வேலை, பிஸ்டனின் சரியான உச்சியைக் கண்டுபிடிப்பது. பிளக் துவாரத்தில் சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுப் பார்ப்பார்கள். அது குத்துமதிப்புதான், கம்பி வளைந்து மாட்டிக்கொண்டால் வேறு வம்பு. உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் அசைவதே தெரியாது என்பதால் கண்ணை நம்பவும் முடியாது.

நல்ல வழி இது. பழைய பிளக் ஒன்றின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ஒரு போல்ட்டை முடுக்கி, பிஸ்டனை உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே தடுத்து நிறுத்துங்கள். கிராங்க் முனையில் 360 டிகிரி வட்டத் தகடு. மெதுவாகக் கையால் சுற்றி, தட்டி நிற்கும் இடத்தில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி, நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நட்டநடுதான் உச்சி! பள்ளிக்கூடப் பையனின் ரெண்டு பாகைமானியை ஒட்டினாலே வட்டத் தகடு தயார்.

பாயிண்ட் வண்டியில் இடைவெளியை முதலில் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் வைத்த டைமிங் ஓடிப்போகும். பாயிண்ட் நடுவே சிகரெட் தாளை வைத்து இழுத்துக்கொண்டே சுற்றினால், தாள் விடுபடும் இடம்தான் பொறி விழும் இடம். ரெண்டு வயரில் சின்ன பல்பு மாட்டியும் பார்க்கலாம்.

பாயிண்ட் தகட்டை, கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். அதே திசையில் திருப்பினால் குறையும். புல்லட்டில் ஒரு விஷயம் கவனம். அந்த கேம் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அங்கே 1 டிகிரி திருப்பினால் கிராங்க்கில் 2 டிகிரி! அதனால் மயிரிழை மயிரிழையாகத்தான் திருப்ப வேண்டும்.

சி.டி.ஐ. வண்டியில் பாயிண்ட் கிடையாது. மேக்னட்டுக்கு உள்ளே இருக்கும் காயில் தகட்டைத்தான் நகர்த்த வேண்டும். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, ஓடும்போது டைமிங் லைட் அடித்துப் பார்ப்பது உத்தமம்.

ஆடிக்காற்று நல்ல சோதனை

எங்கே ஆரம்பிப்பது? புத்தக அளவைவிட 3, 4 டிகிரி பின்னால் ஆரம்பியுங்கள். பிறகு ஒவ்வொரு டிகிரியாக முன்னால் வாருங்கள். இழுவை கூடுவது எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து 1 டிகிரி பின்வாங்கி இறுக்கிவிடுங்கள். நாக்கிங் கேட்கும்வரை போய்ப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

நம்ம கரிசல் காட்டில் ஏற்றத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? கயத்தாறு காற்றாலையைச் சுற்றவைக்கும் ஆடிக்காற்று எதற்கு இருக்கிறது! எதிர்காற்றில் டாப் கியரில் மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏற்றம் ஏறுகிற பாரம் தெரிந்துவிடும். இருபுறமும் ஆள் நடமாட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் வெள்ளிப் பொடி போல் மின்னினால் உடனே நிறுத்துங்கள். அது பிஸ்டன் அலுமினியம்! ரொம்பத் தாமதமாக வைத்தாலும் கெடுதல்தான். வண்டி மந்தமாகும், சைலன்சர் வளைவு நீலம் பாயும்.

பொறி பார்க்கும்போது பெட்ரோல் பாட்டில் கிட்டே வேண்டாம். தீப்பெட்டி வேலை நடக்கிற வீடாக இருந்தால் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிடுங்கள். அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் விஷப்புகை ஆளைச் சாய்த்துவிடும்.

டைமிங் சரிபார்ப்பது குற்றம் அல்ல. ஆனால் கம்பெனி அமைப்பையே மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை ஜெயிலோ, ரெண்டுமோ கிடைக்கலாம். ஒரு காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் பறந்தார்கள். இப்போது இருங்காட்டுக்கோட்டையும் கோவை கரி டிராக்கும் இருக்கின்றன. வேகம் பார்க்க அதுதான் இடம்.

இன்னொன்று. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் இதனால் கலவை மெலிந்து சூடு கூடுகிறது. டைமிங் பார்க்குமுன் மெயின் ஜெட்டைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

எல்லாம் முடிந்ததும் வைத்த டிகிரியை டூல் பாக்ஸ் மூடியின் உள்புறம் பெயிண்டால் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்துக் கழற்றுகிற மெக்கானிக் புத்தக அளவுக்கே திருப்பி வைத்துவிடுவார்.