கழிந்த ஆட்டம் நினைந்து இரங்கல்

தோற்றுவாய்

கழிந்துபோன இளமையையும் அவ்விளமையில் ஆடிய ஆட்டங்களையும் நினைந்து உள்ளம் இரங்குதல் மாந்தர்க்கு இயல்பு. புறநானூற்று 243ஆம் பாட்டு இவ்வியல்பினை எடுத்துரைப்பதைத் தமிழ் கற்றார் அனைவரும் அறிவர். கோலூன்றித் தளர்ந்த முதியவர் ஒருவர், மணலிற் பாவை செய்து பூச்சூட்டி ஆடியதையும், நீர்த்துறையில் தாழ்ந்து படிந்த மருதக் கிளையில் ஏறி, ஆழ்ந்த மடுவிற் பாய்ந்து அடிமணல் கொணர்ந்ததையும் எண்ணி இரங்குகின்றார். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அவர் இரங்குவது தம் இளமை கழிந்தமைக்கே. மரமும் மடுவும் கழிந்தன என்று அவர் கூறவில்லை. அடுத்த தலைமுறைச் சிறுவன் அதே கிளையில் ஏறி அதே நீரிற் பாய்தல் கூடும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய ஆட்டங்கள் சிலவற்றுக்கு இந்த நிலை வாய்க்கவில்லை. ஆடியவரின் இளமை கழிவதற்கு முன்னரே மடு வற்றிவிடுகின்றது. கணினியில் ஆடும் வீடியோ விளையாட்டுகளும், மேசையைச் சூழ்ந்தமர்ந்து பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டங்களும் ஈண்டுக் கருதப்படுவன. இவற்றின்பால் மேலைநாட்டார்க்கு இன்று எழுந்துள்ள ஏக்கம் எத்தகையது, அது செய்த நன்மை யாது, தீமை யாது என்பனவற்றை ஓர் ஆட்டத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆட்டத்துக்கும் இலக்கிய ஆராய்ச்சிக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். எடுத்துக்கொண்ட ஆட்டம் முழுதும் சொல்லால் இயன்றது. அதன் வரலாறோ மூலபாட ஆராய்ச்சியின் வரலாறே. ஆதலின் தொடர்பு உண்டு என்பது மேலே போகப் போகப் புலனாகும்.

ஏக்கம் என்னும் சொல்

பழமை நினைந்து ஏங்குதலைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல் மிகப் பழமையானது அன்று. 1688ஆம் ஆண்டில் பேசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் அதனைப் படைத்தார். வீடு திரும்புதல், நோவு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அமைத்த அச்சொல், பிறந்த நாட்டைப் பிரிந்து அயல்நாட்டில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து நாட்டார்க்கு உற்ற நோயைக் குறித்தது. இடத்தைக் குறித்த சொல் பின்னர்க் காலத்தைக் குறிக்கலாயிற்று. தமிழில் ஈழத்து எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை தம் நூலுக்கு இட்ட 'நனவிடை தோய்தல்' என்னும் பெயர் இப்பொருளுக்கு நன்கு பொருந்துவதாகும்.

ஸ்வெட்லானா பாய்ம் என்னும் அறிஞர் 2001இல் வெளியிட்ட நூலில் இவ்வேக்கத்தை இரண்டாகப் பகுத்தார். இழந்ததை மீண்டும் அவ்வாறே கட்டியெழுப்ப முனைவது ஒன்று. இழப்பை இழப்பாகவே ஏற்று எண்ணிப்பார்ப்பது மற்றொன்று. முன்னதனை மீட்கும் ஏக்கம் என்றும், பின்னதனை எண்ணும் ஏக்கம் என்றும் நாம் வழங்கலாம். இப்பகுப்பு மேல்வரும் ஆராய்ச்சிக்குத் துணையாகும்.

மேசை ஆட்டத்தின் பிறப்பு

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் அதனை இயற்றினர். ஒரு பெட்டியுள் மூன்று சிறு நூல்கள். முதற்பதிப்பு ஆயிரம் படிகளே. சதுரங்கம் போல இதற்குக் கட்டம் வகுத்த பலகை இன்றியமையாதது அன்று. நடத்துநர் ஒருவர் இருந்து, 'நீங்கள் இருண்ட வழியில் நிற்கின்றீர்கள். எதிரே கதவு ஒன்று உளது' என்றாற்போல இடத்தைச் சொல்லால் புனைந்துரைப்பார். ஆடுவோர் ஒவ்வொருவரும் தாம் ஏற்ற பாத்திரம் யாது செய்யும் என்பதைக் கூறுவர். ஐயம் உள்ள இடத்துக் காய் உருட்டி முடிவு காண்பர். வெல்வாரும் தோற்பாரும் என்ற பிரிவு இதில் இல்லை. கதை வளர்ந்துகொண்டே செல்லும்.

ஆகவே இவ்வாட்டத்தில் நூல் வேறு, நிகழ்ச்சி வேறு. நூல் விதிகளை மட்டுமே கூறும். அன்றிரவு அம்மேசையைச் சூழ்ந்து நிகழ்ந்த கதை எந்த நூலிலும் இல்லை. கூத்து நூல் கிடைப்பினும் கூத்தர் ஆடிய ஆட்டம் கிடைக்காதவாறு போல்வது இது. முதியோர் பலர் இன்று பழம்பதிப்புகளை விலைகொடுத்து வாங்கி வைப்பினும், அவர் தேடும் பொருள் அப்பெட்டியுள் இல்லை என்பது வெளிப்படை. அது அவர்தம் நண்பர் குழாத்தோடு கழிந்தது.

குகையும் கணினியும்

இனி, சொல்லால் இயன்ற கணினி ஆட்டத்தை நோக்குவோம். வில் கிரௌதர் என்பார் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கிய நிறுவனத்தில் பணியாற்றியவர். அவரும் அவர்தம் மனைவி பாட்ரீசியாவும் குகை ஆராய்வதில் ஈடுபாடு மிக்கவர்கள். கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியை அளந்து படம் வரைந்த குழுவினர். 1972 செப்டம்பரில் பிளின்ட் ரிட்ஜ் குகைக்கும் மாமத் குகைக்கும் உள்ள நிலத்தடி இணைப்பைக் கண்ட குழுவில் பாட்ரீசியாவும் ஒருவர்.

பின்னர்க் கணவன் மனைவியர் மணமுறிவு பெற்றுப் பிரிந்தனர். கிரௌதர் குகை செல்வதும் நின்றது. தம் பெண்மக்களோடு இருந்த தொடர்பு குறைந்துவிட்டதை அவர் உணர்ந்தார். நண்பர்களோடு 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆடிவந்த அவர், தாம் அறிந்த குகையைக் களமாக்கி, கணினி அறியாதாரும் அஞ்சாது ஆடத்தக்க ஆட்டம் ஒன்றை அப்பெண்மக்களின் பொருட்டு 1975-76ஆம் ஆண்டில் எழுதினார். ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழியில் எழுநூறு வரி அளவில் அமைந்த அதுவே 'அட்வெஞ்சர்' எனவும் 'கொலோசல் கேவ்' எனவும் பெயர்பெற்றது.

இவ்வாட்டத்தில் படம் இல்லை. கணினி ஓரிடத்தை முன்னிலையில் வைத்துப் புனைந்துரைக்கும். ஆடுவோர் 'விளக்கை எடு' என்றாற்போல வினையும் பெயருமாகிய இரு சொற்களால் ஏவுவர். கதை கூறுவார் தன்மையிலும் படர்க்கையிலும் கூறுதலே பெருவழக்கு. முன்னிலையில், அதுவும் நிகழ்காலத்தில் கதை நடத்தும் இம்முறை மேசை ஆட்டத்தின் நடத்துநரிடமிருந்து வந்தது எனக் கொள்ளலாம். நடத்துநர் அமர்ந்த இருக்கையில் கணினி அமர்ந்தது என்க.

மூலமும் திருத்தமும்

1976இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்த டான் உட்ஸ் இதனைக் கண்டு, ஆசிரியரின் இசைவு பெற்று விரித்தெழுதினார். பொருள்களைச் சுமந்து செல்லும் பட்டியலும் மதிப்பெண் கணக்கும் அவர் சேர்த்தவை. தாமே கற்பித்த இடங்கள் பலவற்றையும் புகுத்தினார். 1977இல் அவ்விரிவு வலையமைப்பின் வழியே பல்கலைக்கழகந்தோறும் பரவிற்று; முழு மதிப்பெண் 350 உடைய அவ்வடிவமே மக்கள் அறிந்த ஆட்டம். அதன்பின் வேறு பலர் அதனைப் படியெடுத்துத் தத்தமக்கு வேண்டியவாறு கூட்டினர். ஏடெழுதுவோர் பாடத்தை வளர்த்த வரலாற்றை நாம் அறிவோம். ஈண்டு அது சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. கிரௌதர் எழுதிய மூலமோ அழிந்தது என்றே பலரும் கருதினர்.

மூலம் மறைந்த இடத்தில் கதைகள் முளைத்தன. அது 1972இல் எழுதப்பட்டது என்றனர் சிலர். 1974 என்றனர் வேறு சிலர். கிரௌதர் எழுதியது வெறும் குகைப் படமே. மாயமும் ஆட்டமும் உட்ஸ் சேர்த்தவையே என்றும் கூறினர். இவற்றைக் கூறினோர் அவ்வாட்டத்தின்பால் பேரன்பு கொண்டோரே என்பது நினைவில் வைக்கத்தக்கது.

டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இதனை முறையாக ஆராய்ந்தார். உட்ஸின் மாணவர்காலக் கோப்புகளைக் காத்துவைத்த படியொன்றிலிருந்து கிரௌதரின் மூலம் வெளிப்பட்டது. 2005இல் ஜெர்ஸ் கென்டக்கிக் குகைக்குள்ளேயே சென்று பாடத்தையும் இடத்தையும் ஒப்பிட்டார். ஆசிரியர் இருவரையும் குடும்பத்தாரையும் வினவினார். 2007இல் அவர் வெளியிட்ட முடிபுகளாவன: ஆட்டம் எழுதப்பட்டது 1975-76 கல்வியாண்டில்; மூலத்திலேயே மாயமும் நகையும் எளிய போரும் புதிர்களும் உள; குகையின் அமைப்பைக் கிரௌதர் பெரிதும் பிறழாது கூறி, ஆட்டச் சுவைக்காகச் சிற்சில மாற்றங்களே செய்துள்ளார். ஆட்டத்தில் வரும் இரும்புக் கோலும் கோடரியும் மெய்யான குகையிற் கிடந்த பொருள்களோடு ஒத்தன. பாறையொன்றில் எழுதப்பட்டதாக ஆட்டத்தில் வரும் 'ஒய் 2' என்னும் குறிப்பு, குகை அளந்தோர் இட்ட அளவைக் குறியே. ஆடினோர் அதனை மந்திரம் எனக் கருதியது வியப்பன்று.

இவற்றால் ஓர் உண்மை போதரும். மக்கள் எந்த ஆட்டத்தை நினைந்து ஏங்கினரோ, அவ்வாட்டமே ஓர் ஏக்கத்தின் விளைவு. செல்லுதல் ஒழிந்த குகையையும் பிரிந்த மக்களையும் எண்ணிய ஒருவர் அதனை எழுதினார். இப்பொருளை வெளிக்கொணர்ந்தது ஆராய்ச்சியே. ஏக்கம் மட்டும் இருந்திருப்பின் பிழைபட்ட ஆண்டும் பொய்யான கதையுமே எஞ்சியிருக்கும். அற்றேல், ஏக்கம் பயனற்றதோ எனின், அன்று. விரும்பினோர் இருந்தமையாலன்றோ அவ்வாட்டம் இத்தனை படிகளாகப் பெருகி, ஆராயத்தக்க பொருளாய் நிலைத்தது? 1985இல் மேரி ஆன் பக்கிள்ஸ் கலிபோர்னியாவில் இவ்வாட்டத்தை இலக்கியமாகக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியதும் ஈண்டு நினையத்தக்கது. ஏக்கம் காக்கும், ஆயினும் திரிக்கும். ஆராய்ச்சி அத்திரிபைக் களையும்.

மடு வற்றுதல்

'அட்வெஞ்சர்' சொல்லால் இயன்றமையின் பிழைத்தது. எழுத்தைப் புதிய கணினிக்கு மாற்றுதல் எளிது. ஏனைய ஆட்டங்களுக்கு அது எளிதன்று. நின்டெண்டோ நிறுவனத்தின் 'டக் ஹண்ட்' என்னும் ஆட்டத்தில் சிறுவர் ஒளித்துப்பாக்கியால் திரையிற் பறக்கும் வாத்தினைச் சுடுவர். அத்துப்பாக்கி சுடும் கருவி அன்று. ஒளியை உணரும் கருவி. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி ஒளிரும் நேரத்தைக் கணக்கிட்டே அது இயங்கும். இன்றைய தட்டைத் திரைகளில் அது இயங்காது. ஆட்டப் பேழையும் துப்பாக்கியும் பழுதின்றி இருப்பினும் திரை மாறியதால் ஆட்டம் இல்லையாயிற்று.

கருவியால் வரும் கேட்டினும் பெரிது சட்டத்தால் வரும் தடை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த வீடியோ விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. நூலகங்கள் அவற்றைக் காத்துவைக்கலாம். ஆயின் ஆராய்வோர் நூலகத்துக்கு நேரிற் சென்றே காணல் வேண்டும். தொலைவிலிருந்தும் ஆராய இசைவு வேண்டும் என்ற வேண்டுகோள் 2024 அக்டோபரில் மறுக்கப்பட்டது. நிறுவனங்களோ விற்பனை உறுதியான சிலவற்றையே மீண்டும் வெளியிடுகின்றன. 2016இல் நின்டெண்டோ தன் பழைய கருவியின் சிற்றுருவை முப்பது ஆட்டங்களோடு வெளியிட்டமை அதற்குச் சான்று. அக்கருவிக்கு முன்னாளில் வெளிவந்த ஆட்டங்களோ பல நூறு. ஏக்கத்தை விற்பார் எல்லாவற்றையும் விற்கமாட்டார்; மக்கள் நினைவில் நிற்பவற்றையே விற்பர். நினைப்பார் இல்லாதவை அழியும்.

மேசை ஆட்டத்தின் நிலை வேறு. அமெரிக்கச் சட்டத்தில் ஆட்டத்தின் விதிமுறை பதிப்புரிமைக்கு உட்படாது. அதனை எழுதிய சொற்களே உட்படும். மேலும், 2000இல் அவ்வாட்டத்தின் உரிமையாளர் திறந்த உரிமம் ஒன்றை வழங்கினர். அதனைக் கொண்டு ஆர்வலர் 2006 முதல் பழைய விதிகளைத் தம் சொற்களால் எழுதி வெளியிட்டனர். பழைய ஆட்டமுறை மீண்டும் உயிர்பெற்றது. 1974இல் பிறந்திராத இளைஞரும் இன்று அம்முறையில் ஆடுகின்றனர். பாய்ம் கூறிய மீட்கும் ஏக்கம் இங்குப் பயன்விளைத்தது. மடுவில் நீர் இருந்தமையின் புதியவர் பாய்ந்தனர் என்க.

முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று பொருள்கள் பெறப்படும். பழைய ஆட்டத்தின்பால் எழும் ஏக்கம் கருவி, நூல், நிகழ்ச்சி என்னும் மூன்றையும் ஒருங்கே நாடுகின்றது. அவற்றுள் நிகழ்ச்சியை மீட்டல் எவர்க்கும் இயலாது. நூலையும் கருவியையும் காத்தல் இயலும். ஆனால் அவற்றைக் காத்தற்குரிய காலம் ஓலைச்சுவடிக்கு வாய்த்ததுபோல் நூற்றாண்டுகளாக நீள்வதன்று, ஒரு தலைமுறையினுள் முடிவது. காத்தவற்றின் உண்மையை நிறுவுதற்கு நினைவு மட்டும் போதாது. மூலபாட ஆராய்ச்சி வேண்டும்.

இம்மூன்றனுள் இறுதியது நம் துறையினர்க்கு உரியது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்து, இடைச்செருகல் களைந்து, இடத்தையும் காலத்தையும் வரையறுத்த பயிற்சி தமிழ் ஆய்வாளர்க்கு நெடுங்காலமாக உண்டு. கணினியில் தோன்றி அதனுள்ளேயே மறையும் ஆக்கங்களுக்கும் அப்பயிற்சி வேண்டப்படும் காலம் இது. புறநானூற்று முதியவர்க்கு மரமும் மடுவும் எஞ்சின. நம் மாணவர் முதுமையுறும்போது அவர்க்கு எஞ்சுவது யாது என்பது, இன்று எவர் எதனைப் படியெடுத்து வைக்கின்றனர் என்பதைப் பொறுத்ததாகும்.