இணையத்தில் கற்ற கணக்கும் கல்லூரிக் கிரெடிட்டும்



தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் தாய்மாருக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். விடியுமுன் எழுந்து எத்தனை மரம் வெட்டினாலும், வாளி நிறையப் பால் சுமந்து வந்தாலும், அது நிறுவையில் ஏறிக் கிராணியாரின் புத்தகத்தில் பதிந்த பிறகே கணக்கில் சேரும். உழைப்பு ஒன்று, அதை அளந்து ஏற்றுக்கொள்வது மற்றொன்று. இணையத்தின் வழி குறைந்த செலவில் கணிதம் கற்று, அதைக் கல்லூரிப் படிப்பில் சேர்த்துக்கொள்ள விரும்புவோர் முதலில் நினைவில் வைக்க வேண்டியதும் இதுவே.

நம் தோட்டப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் இப்போது பெற்றோருடன் அம்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் குடும்ப நிலை காரணமாக வேலைக்குப் போனார். ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறார். வயது 24. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற வேண்டும் என்பது அவர் ஆசை. கணிதப் பாடம் ஒன்றை முன்னதாகவே முடித்துவிட்டால் அந்தப் பாடத்துக்குரிய கட்டணம் மிஞ்சுமே என்று எண்ணி, இணையப் பாடம் ஒன்றுக்குப் பணம் கட்டினார். நான்கு மாதம் இரவில் கண்விழித்துப் படித்துச் சான்றிதழும் பெற்றார். அதை ஒரு கல்லூரியில் நீட்டியபோது, “இதற்கு இங்கே கிரெடிட் கிடையாது” என்று சொல்லிவிட்டார்கள். நம்மிடம் வந்து, “நான் படித்ததெல்லாம் வீண்தானா, ஐயா?” என்று கேட்டார்.

படித்தது வீணில்லை. ஆனால் நிறுவை எங்கே என்று விசாரிக்காமல் பால் வெட்டிவிட்டார்.

கிரெடிட் என்ற சொல்லே நம் பெற்றோரைக் குழப்பக்கூடியது. எஸ்.பி.எம். தேர்வில் கிரெடிட் என்றால் ஒரு பாடத்தில் ‘சி’ நிலையோ அதற்கு மேலோ பெறுவது. உயர்கல்வியில் கிரெடிட் என்பது படிப்பின் அளவு. 2007ஆம் ஆண்டில் அமைந்த மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ., இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல். இதில் விரிவுரையும் அடங்கும்; வீட்டில் படிப்பதும் பயிற்சி செய்வதும் தேர்வு எழுதுவதும் அடங்கும். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். அப்படியானால் 3 கிரெடிட் கொண்ட ஒரு கணிதப் பாடம் 120 மணி நேர உழைப்பு. வேலை நாள் ஐந்திலும் ஒவ்வொரு மணி, ஞாயிறன்று மூன்று மணி என்று வாரம் 8 மணி ஒதுக்கினால் 15 வாரத்தில் அதை முடிக்கலாம்.

பாடத்துக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை எவரும் இலவசமாகப் பார்க்கும்படி திறந்துவிடப் போவதாக 2001ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. கான் அகாடமியில் கூட்டல் கழித்தலில் தொடங்கி நுண்கணிதம் வரை இலவசமாகக் கற்கலாம். ஆனால் அங்கே எத்தனை பாடம் பார்த்தாலும், அதனால் மட்டும் எந்தக் கல்லூரியின் ஏட்டிலும் நம் பெயருக்கு நேரே கிரெடிட் ஏறிவிடாது. அதை ஏற்ற வேண்டியது நாம் சேரும் கல்லூரி.

அதற்கு நம் நாட்டில் வழி இருக்கிறதா? இருக்கிறது. ‘ஏப்பல்’ என்பது ஒருவர் வேலையிலும் சொந்த முயற்சியிலும் முன்பே கற்றதை மதிப்பிட்டு ஏற்கும் முறை. 21 வயதைக் கடந்து, தொடர்புடைய வேலை அனுபவமும் உள்ளவர் இதன் வழியாகப் பட்டப்படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். இதே முறையில் ‘ஏப்பல் சி’ என்றொரு பிரிவு உண்டு. அது குறிப்பிட்ட பாடத்துக்குக் கிரெடிட் வழங்குவது. கல்லூரி ஒரு சவால் தேர்வு வைக்கும், அல்லது நாம் கற்றதற்கான ஆதாரங்களைத் தொகுத்துத் தரச் சொல்லும். பாடத்தின் ஒவ்வோர் இலக்கிலும் குறைந்தது பாதியளவு தேற வேண்டும். ஒன்றில் நிறைய வாங்கி இன்னொன்றில் கோட்டைவிட்டால் ஈடுகட்ட முடியாது. இணையவழித் திறந்த பாடங்களைக் கிரெடிட்டாக மாற்றிக்கொள்வதற்கும் எம்.கியூ.ஏ. 2016ஆம் ஆண்டில் வழிகாட்டி வெளியிட்டது.

வேலை செய்வோர் படிப்பது நமக்குப் புதிதுமன்று. பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே தொலைக்கல்வியைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006ஆம் ஆண்டில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

பிற நாடுகளிலும் இதே நிலைதான். இந்தியாவில் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் ‘என்.பி.டி.இ.எல்.’ பாடங்களைக் கற்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். வாரப் பயிற்சிகளுக்கு 25 புள்ளி, தேர்வுக்கு 75 புள்ளி. அமெரிக்காவில் ‘கிளெப்’ என்ற தேர்வு 1967ஆம் ஆண்டு முதல் நடக்கிறது; வீட்டிலிருந்து இயற்கணிதமோ நுண்கணிதமோ படித்தவர் அதில் தேறி, ஏற்கும் கல்லூரியில் கிரெடிட் பெறலாம். எங்கும் பாடம் மலிவு; ஆனால் தேர்வு கண்டிப்பு.

ஆகவே, பணம் கட்டுமுன் சேர விரும்பும் கல்லூரியில் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, இங்கே ‘ஏப்பல் சி’ நடத்த அனுமதி உண்டா? இரண்டாவது, எந்தக் கணிதப் பாடத்துக்கு அது பொருந்தும்? மூன்றாவது, அந்தப் பாடத்தின் திட்டத்தையும் இலக்குகளையும் தருவீர்களா? நான்காவது, மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, தவறினால் மீண்டும் எழுத முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல் கிராணியாரின் புத்தகம் ஆகாது.

இனி, படிக்கும் முறை. திரையில் ஆசிரியர் கணக்குப் போடுவதைப் பார்த்தால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். தாளை எடுத்துத் தனியே போட்டால்தான் உண்மை வெளிப்படும். ஒரு சின்னச் சோதனை. பக்கம் 10 சென்டிமீட்டர் கொண்ட சதுரத்தின் பரப்பு 100. பக்கத்தை 10.1 ஆக்கினால் பரப்பு 102.01. கூடிய பரப்பு 2.01, அதைக் கூடிய நீளமாகிய 0.1 ஆல் வகுத்தால் 20.1. பக்கத்தை 10.01 ஆக்கிப் பாருங்கள். இப்போது விடை 20.01. கூட்டும் நீளம் குறையக் குறைய விடை 20ஐ நெருங்குகிறது. 20 என்பது 10இன் இரு மடங்கு. நுண்கணிதத்தின் வாசல் இதுதான். இதைக் கேட்டதோடு விடாமல், பக்கம் 7 ஆக இருந்தால் என்ன வரும் என்று நீங்களே போட்டு 14ஐ நெருங்கினால், நீங்கள் கற்றுவிட்டீர்கள். சவால் தேர்வு சோதிப்பது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

அந்த மாணவி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வேறொரு கல்லூரியில் விசாரித்துப் பாடத்திட்டத்தை வாங்கி வந்தார். நாம் இருவரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். பெரும்பகுதி அவர் முன்பே படித்தது. நிகழ்தகவும் அணிகளும் மட்டும் புதியவை. “அப்படியானால் பாதிக்குமேல் ஏறிவிட்டேன், ஐயா” என்றார். இப்போது அந்த இரண்டையும் இரவில் படித்து வருகிறார். தேர்வு இன்னும் வரவில்லை. முடிவு எப்படியிருந்தாலும், இம்முறை அவருக்கு நிறுவை எங்கே இருக்கிறதென்று தெரியும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் எஸ்.பி.எம்.முடன் நின்றுபோன பிள்ளை ஒருவர் இருக்கலாம். “படித்தது போதும்” என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் கல்லூரியில் கேட்கச் சொல்லுங்கள். பிறகு கணக்கு நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.