நண்பன் முடித்துக் கொடுத்த ஆல்பம்

1970 ஜனவரியில் வெளிவந்த ‘தி மேட்கேப் லாஃப்ஸ்’, இங்கிலாந்துப் பாடகர் சிட் பேரட்டின் முதல் தனி ஆல்பம். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். குழுவின் தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. அந்தக் குழுவில் அவருடைய இடத்துக்கு வந்தவர் டேவிட் கில்மோர். பேரட்டின் தனி ஆல்பத்தைக் கரைசேர்த்தவரும் அவரே.

இருவரும் கேம்பிரிட்ஜில் வளர்ந்தவர்கள். 1946-இல் இரண்டு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். உள்ளூர்க் கல்லூரியில் மதிய இடைவேளையில் கிதாரும் கையுமாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். 1965-இல் தெற்கு பிரான்சுக்குப் போய்த் தெருவில் வாசித்தும் பார்த்தார்கள்.

பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பம் 1967-இல் வந்து பேரட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆனால் எல்.எஸ்.டி. பழக்கமும் மனநிலைக் குலைவும் சேர்ந்து, அந்த வருடம் முடிவதற்குள் அவரை மேடையேற்றுவதே பாடாகிவிட்டது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே வாசிக்காமல் நின்றுவிடுவார். அந்த நிலையில்தான் கில்மோர் அழைக்கப்பட்டார். 1968 ஜனவரியில் சவுத்தாம்ப்டன் கச்சேரிக்குக் கிளம்பிய வண்டி பேரட்டை ஏற்றிக்கொள்ளவில்லை. ஏப்ரலில் அவர் விலகல் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

தனி ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு அடுத்த மாதமே லண்டனில் தொடங்கியது. மேலாளர் பீட்டர் ஜென்னர் முயன்று பார்த்ததில் பெரிதாக எதுவும் தேறவில்லை. 1969 ஏப்ரலில் ஹார்வெஸ்ட் நிறுவனத்தின் மால்கம் ஜோன்ஸ் பொறுப்பேற்ற பிறகு வேலை கொஞ்சம் நகர்ந்தது. சிக்கல் தாளத்தில் இருந்தது. வழக்கமாக டிரம்ஸையும் பேஸ் கிதாரையும் முதலில் பதிவு செய்து, அதன்மேல் பாடுவார்கள். இங்கே பல பாடல்களில் பேரட் தனியாகக் கிதாரோடு பாடியதை வைத்துக்கொண்டு மற்றவர்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஒரு வரியில் தாளம் நீளும், அடுத்த வரியில் ஒரு தட்டு விழுங்கப்படும். அடுத்த முறை பாடினால் அதுவும் மாறிவிடும். இரண்டு பாடல்களுக்கு வாசிக்க வந்த சாஃப்ட் மெஷின் குழுவினர், இது எந்தச் சுருதி என்று கேட்டால், பேரட் “ஆமாம்” என்பாராம். டிரம்ஸ் வாசித்த ராபர்ட் வயட் சொன்ன கதை இது.

செலவு ஏறிக்கொண்டே போனதில் ஹார்வெஸ்டின் தாய் நிறுவனமான ஈ.எம்.ஐ. பொறுமை இழந்தது. அப்போது பேரட் உதவி கேட்டது கில்மோரிடம். கில்மோரும், பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸும் (அவரும் கேம்பிரிட்ஜ்காரர்) ஜூன், ஜூலையில் சில நாட்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்தார்கள். தங்கள் குழுவின் ‘உம்மகும்மா’ ஆல்பத்தையும் அதே சமயத்தில் முடிக்க வேண்டியிருந்ததால் எல்லாம் அவசர வேலை. ஜேம்ஸ் ஜாய்ஸின் கவிதைக்கு பேரட் மெட்டமைத்த ‘கோல்டன் ஹேர்’ இந்த நாட்களில்தான் இறுதி வடிவம் பெற்றது. சில நிமிடப் பாட்டுதான், ஆனால் ஆல்பத்தில் அத்தனை அடங்கிய அழகு வேறெதிலும் இல்லை.

சர்ச்சைக்கு இடம் தந்தது வேறொரு முடிவு. ‘இஃப் இட்ஸ் இன் யூ’ பாடலில் பேரட் குரல் பிசகி, நிறுத்தி, மறுபடி தொடங்குவதை வெட்டாமல் அப்படியே சேர்த்தார்கள். பேரட்டின் உண்மை நிலையைக் கேட்பவர்கள் அறியட்டும் என்பது கில்மோர் தரப்பு நியாயம். வீட்டு அழுக்கைத் தெருவில் உலர்த்தியது போல, இரக்கமில்லாத செயல் என்று ஜோன்ஸ் பின்னாளில் எழுதினார். ஜோன்ஸின் மனத்தாங்கல் புரிகிறது. ஆயினும் அந்தப் பிசிறுகளை மழித்திருந்தால், கிடைத்திருப்பது இன்னொரு சராசரி ஆல்பமாகத்தான் இருந்திருக்கும்.

13 பாடல்கள் கொண்ட ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 40-ஆம் இடம் வரை போனது. அந்தச் சுமாரான வரவேற்பே இரண்டாவது ஆல்பத்துக்குக் கதவு திறந்தது. 1970 நவம்பரில் வந்த ‘பேரட்’ ஆல்பத்தையும் கில்மோர்தான், பிங்க் ஃபிளாய்டின் ரிச்சர்ட் ரைட்டோடு சேர்ந்து, தயாரித்தார். அதன்பின் பேரட் இசையை விட்டு விலகி, கேம்பிரிட்ஜ் திரும்பி, ஓவியமும் தோட்டமுமாக வாழ்ந்து 2006-இல் இறந்தார். பழைய பாடல்களுக்கான ராயல்டி அவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பதைக் கில்மோர் கவனித்துக்கொண்டே இருந்தார்.