ஏர்கூலரா, ஏ.சி.யா? கடலோரப் புழுக்கத்தைக் கணக்கில் கொள்ளாத தில்லி

புது தில்லி: வீட்டுக்கு ஏர்கூலர் வாங்குவதா, ஏ.சி. வாங்குவதா என்ற கேள்வி ஒவ்வொரு கோடையிலும் நாடெங்கும் நடுத்தரக் குடும்பங்களில் எழுகிறது. தலைநகர் தில்லியில் கையில் உள்ள பணத்தைப் பொருத்து இதற்கு விடை கிடைத்துவிடும். மும்பையை அடுத்த நெருள் போன்ற கடலோர நகர்களில் அவ்வாறு இல்லை. அங்கு காற்றில் உள்ள ஈரமே முடிவைத் தீர்மானிக்கிறது.

வறண்ட வட மாநிலங்களில் மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் இடையே ஏழைகளுக்கு ஏர்கூலர் என்ற ஒரு படி உண்டு. கடலோர மக்களுக்கு அந்தப் படியே இல்லை. மத்திய அரசின் கணக்கெடுப்புகளும் வெப்ப அலைக்கான வரையறைகளும் இந்த வேறுபாட்டை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

ஒரே கருவி, இரு ஊர்கள்

ஏர்கூலர் இயங்கும் முறை மிக எளிது. நனைந்த தட்டியின் வழியாக மின்விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து அறையைக் குளிர வைப்பதும் இதே முறையில்தான். ஆனால் காற்று ஏற்கெனவே ஈரம் மிகுந்ததாக இருந்தால் தண்ணீர் எளிதில் ஆவியாவதில்லை.

மே மாதத்தில் தில்லியில் 42 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் நிலவுவதாகக் கொள்வோம். ஆவியாதல் மூலம் அந்தக் காற்றை அதிகபட்சமாக 24 டிகிரி வரை குளிர வைக்க முடியும். இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். நல்ல நிலையில் உள்ள ஏர்கூலர் இந்த இடைவெளியில் ஐந்தில் நான்கு பங்கைக் கடக்கும் எனக் கொண்டால், அறைக்குள் வரும் காற்று 28 டிகிரி அளவில் இருக்கும். அதாவது 14 டிகிரி குறைகிறது.

அதே கருவியை, 34 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோர நகரில் இயக்கினால், ஈரக்குமிழ் வெப்பநிலை 28 டிகிரிக்கும் சற்று அதிகம். வெளிவரும் காற்றின் வெப்பம் சுமார் 30 டிகிரி. குறைவது நான்கு டிகிரி மட்டுமே. அதே நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டிவிடும். ஈரம் நிறைந்த காற்றில் உடலின் வியர்வை உலராது. வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் புழுக்கம் கூடும்.

ஏ.சி.யின் தன்மை வேறு. குளிர்ந்த செம்புக் குழாய்களின் மீது படும் காற்றில் உள்ள ஈரம் நீராகி வெளியேறுகிறது. வெளிச்சுவரில் உள்ள குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், அறைக் காற்றிலிருந்து பிரிக்கப்பட்ட ஈரமே. 1902-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த கருவியின் முதல் நோக்கமும் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான். ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு பிசகியதே அதற்குக் காரணம்.

தில்லிவாசிகளுக்கும் இந்த வேறுபாடு புதிதல்ல. ஏப்ரல் முதல் ஜூன் வரை கைகொடுக்கும் ஏர்கூலர், ஜூலையில் பருவமழை வந்ததும் பயனற்றுப் போகிறது. 'உமஸ்' என்று இந்தியில் சொல்லப்படும் அந்தப் புழுக்கம் தில்லியில் சில வாரங்களே நீடிக்கும். நெருளில் ஆண்டின் பெரும்பகுதி அதுவே.

நெருளின் நிலை

மும்பையின் நெரிசலைக் குறைக்க, 1970-ல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் நவி மும்பையை உருவாக்கியது. அதன் குடியிருப்புப் பகுதிகளில் ஒன்று நெருள். 1992-ல் ரயில் பாதை வாஷியை எட்டி, பின்னர் நெருளுக்கும் நீண்டது. மாதுங்கா, செம்பூர் ஆகிய பழைய தமிழ்ப் பகுதிகளில் இடநெருக்கடியையும் வீட்டு விலையையும் தாங்க இயலாத பல குடும்பங்கள் இங்கு குடியேறின.

ஒருபுறம் கழிமுகமும் அலையாத்திக் காடுகளும், மறுபுறம் பார்சிக் குன்றுகளும் சூழ்ந்த பகுதி இது. இங்கு ஏர்கூலர் வாங்குவோர் பெரும்பாலும் விலையைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். சிறிய ஏர்கூலர் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஏ.சி.க்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பொருத்தும் செலவு தனி. ஜன்னலை மூடி வைத்து ஏர்கூலரை இயக்கும் வீடுகளில் சில மணி நேரத்தில் சுவரும் மெத்தையும் ஈரமாகிவிடுகின்றன. ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரக்காற்று வெளியேறும். ஆனால் கிடைக்கும் பயன் மின்விசிறியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

ஏ.சி.யிலும் கடலோரத்துக்கே உரிய தொல்லை உண்டு. உப்புக் காற்று வெளிப்பெட்டியின் குழாய்களையும் தகடுகளையும் அரிக்கிறது. வாயு கசிந்தால் பழுதுபார்ப்புச் செலவு கூடும். அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டணப் படிக்கட்டு

ஏர்கூலருக்கு 180 வாட் மின்சாரம் தேவை என வைத்துக்கொண்டால், இரவில் எட்டு மணி நேரம் வீதம் ஒரு மாதத்துக்குச் சுமார் 43 யூனிட் செலவாகும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியாக 600 வாட் எடுத்தால் மாதம் 144 யூனிட். வித்தியாசம் நூறு யூனிட்.

இந்த நூறு யூனிட்டின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. நெருளுக்கு மின்சாரம் வழங்கும் மாநில அரசு நிறுவனமான மகாவிதரண், வீடுகளுக்கு மாதம் 100 யூனிட் வரை, 101 முதல் 300 வரை, 301 முதல் 500 வரை, அதற்கு மேல் என நான்கு படிகளாகக் கட்டணம் வசூலிக்கிறது. ஏற்கெனவே 120 யூனிட் செலவிடும் சிறு குடும்பம் ஏ.சி. வாங்கினாலும் இரண்டாவது படிக்குள்ளேயே இருக்கும். 220 யூனிட் செலவிடும் குடும்பம் மூன்றாவது படிக்கு ஏறிவிடும். எனவே ஏ.சி.யின் விலையைப் பார்க்கும் முன் கடந்த கோடையின் மின் கட்டண ரசீதை எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஏ.சி.யை எந்த வெப்பநிலையில் இயக்குவது என்பதும் முக்கியம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏ.சி.க்கள் அனைத்தும் தொடக்க நிலையில் 24 டிகிரியில் அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. 26 டிகிரியில் ஏ.சி.யை வைத்து, மேலே மின்விசிறியைச் சுழலவிட்டால் நெருளின் இரவுக்குப் போதுமானது. அங்கு தேவைப்படுவது கடுங்குளிர் அல்ல. ஈரம் நீங்கிய காற்று.

தண்ணீரும் கொசுவும்

ஏர்கூலர் வாங்குவோர் எளிதில் மறக்கும் செலவு தண்ணீர். வறண்ட பகுதியில் ஒரு நாளைக்குப் பல வாளித் தண்ணீர் தேவைப்படும். நவி மும்பை மாநகராட்சிக்கு மோர்பே அணை சொந்தமாக இருப்பதால் நெருளில் இது பெரிய சிக்கல் அல்ல. பொதுக் குழாயையும் குடங்களையும் நம்பி வாழும் தாராவிக் குடும்பத்துக்கு இது பெரும் சுமை.

தொட்டியில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் போதும். தில்லியில் மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று ஏர்கூலர் தொட்டிகளைச் சோதிப்பதும் நோட்டீஸ் கொடுப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, உலர வைப்பது கட்டாயம்.

தில்லியின் அளவுகோல்

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) நாட்டில் ஏறத்தாழ 24 சதவீத வீடுகளில் 'ஏ.சி. அல்லது ஏர்கூலர்' உள்ளதாகக் கூறுகிறது. இரண்டையும் ஒரே கேள்வியில் அடக்கியதால், வெப்பத்திலிருந்து உண்மையில் யாருக்குப் பாதுகாப்பு உண்டு என்பது இந்த எண்ணிலிருந்து தெரியாது. ராஜஸ்தானில் ஏர்கூலர் உள்ள வீடும், மகாராஷ்டிரக் கடலோரத்தில் ஏர்கூலர் உள்ள வீடும் இந்தக் கணக்கில் சமம். வாழ்க்கையில் சமம் அல்ல.

2019 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட இந்திய குளிரூட்டல் செயல்திட்டம், 2037-38-க்குள் குளிரூட்டல் தேவையை 20 முதல் 25 சதவீதம் வரை குறைக்க இலக்கு வைத்தது. அப்போது சுமார் 8 சதவீத வீடுகளிலேயே அறை ஏ.சி. இருந்ததாக அதே ஆவணம் குறிப்பிட்டது. 2024 மே 30-ல் நாட்டின் மின் தேவை 250 ஜிகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. ஏ.சி. பெருகப் பெருக இந்த அழுத்தம் கூடும் என்பதில் ஐயமில்லை.

இந்நிலையில், ஏ.சி.க்களின் வெப்பநிலையை 20 முதல் 28 டிகிரிக்குள் கட்டுப்படுத்தப் போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் அறிவித்தார். அத்தகைய நிலை 2050-க்குப் பிறகே வரக்கூடும் என்று சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் சில நாள்களிலேயே விளக்கம் அளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஒருபுறம் கட்டுப்பாடு, மறுபுறம் வரிக் குறைப்பு என்ற இந்த விவாதங்கள் அனைத்தும் ஏ.சி. வாங்க வசதி உள்ளவர்களைப் பற்றியவையே.

கார்கர் தந்த எச்சரிக்கை

கடலோர வெப்பத்தின் அபாயத்தை நவி மும்பை நேரடியாகக் கண்டது. 2023 ஏப்ரல் 16-ல், நெருளிலிருந்து மூன்று ரயில் நிலையங்கள் தள்ளி உள்ள கார்கரில், மகாராஷ்டிர பூஷண் விருது வழங்கும் விழா திறந்த மைதானத்தில் நடைபெற்றது. நண்பகல் வெயிலில் பல மணி நேரம் அமர்ந்திருந்தவர்களில் 14 பேர் உயிரிழந்தனர்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரையறைப்படி, கடலோரத்தில் வெப்பநிலை 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தால் வெப்ப அலை எனக் கருதப்படும். இந்த வரையறையில் ஈரப்பதத்துக்கு இடமில்லை. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டை 2023-ல்தான் அந்த மையம் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது.

தமிழகத்துக்கும் பாடம்

சென்னை, கடலூர், தூத்துக்குடி ஆகியவை இவ்வகையில் நெருளைப் போன்றவை. வேலூர், கரூர், திருச்சி, மதுரை ஆகிய உள்மாவட்ட நகர்களில் மார்ச் முதல் மே வரை பகல் நேரத்தில் ஏர்கூலர் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். ஒரே மாநிலத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் விடை மாறுகிறது. தமிழக மின்வாரியம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுவதும் வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டியவை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

என்ன செய்யலாம்?

தாராவியின் தகரக் கூரை வீட்டில் ஏர்கூலர் பயன்படாது, ஏ.சி. கட்டுப்படியாகாது. அத்தகைய வீடுகளுக்கு முதல் நிவாரணம் கூரையிலிருந்து தொடங்க வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சுக் கூரைகளை ஆமதாபாத் தனது வெப்பச் செயல்திட்டத்தில் சேர்த்தது. தெலங்கானா 2023-ல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

அடுத்தது மின்விசிறி. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. வகை 30 வாட் அளவிலேயே இயங்கும். எல்.இ.டி. விளக்குகளை அரசு மலிவு விலையில் பரப்பியது போல இதையும் கடலோர ஏழைகளுக்குக் கொண்டு சேர்க்க இயலும்.

மூன்றாவது வீட்டின் அமைப்பு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என அறிவிக்கப்பட்டுள்ளது. பரப்பளவைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. காற்றோட்டத்தைப் பற்றிய பேச்சு குறைவு. செம்பூரை ஒட்டிய மான்குர்த், கோவண்டி பகுதிகளில் நெருக்கமாகக் கட்டப்பட்ட மறுகுடியமர்வு அடுக்ககங்களில், காற்றும் வெளிச்சமும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் என 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதே தவறு தாராவியிலும் நடந்தால், புது வீடு பெறும் குடும்பங்கள் ஏ.சி. இல்லாமல் வாழ முடியாத நிலைக்குத் தள்ளப்படும். அதன் மின் கட்டணத்தையும் அவர்களே சுமக்க நேரிடும்.

நெருளில் உள்ள நடுத்தரக் குடும்பம் தன் கணக்கைப் போட்டுக்கொள்ளும். அதற்கு ஏற்ற அறிவுரை, ஏர்கூலரைத் தவிர்த்து நல்ல மின்விசிறி வாங்குவது. முடிந்தால் அதிக நட்சத்திரம் பெற்ற ஒரு சிறிய ஏ.சி.யை ஒரே அறையில் அளவோடு இயக்குவது. அந்தக் கணக்கைப் போடவே வழியில்லாத வீடுகளுக்கு, கூரையும் காற்றோட்டமும் அரசின் பொறுப்பில்தான் வரவேண்டும். அதற்கு முதற்படியாக, அடுத்த கணக்கெடுப்பில் ஏர்கூலரையும் ஏ.சி.யையும் இரு தனிக் கேள்விகளாகக் கேட்கலாம்.