சுண்ணாம்பு நீரில் அவித்த சோள ரொட்டி

மாங்கேணி, வாகரைப் பகுதிகளில் பெரும்போக மழையோடு விதைக்கப்படும் சோளம் தை, மாசி மாதங்களில் முற்றுகின்றது. இளங்கதிரை அவித்தும் சுட்டும் உண்கின்றோம். முற்றிய மணியோ பெரும்பாலும் கோழித்தீனுக்கே விலைபோகின்றது. அதனை இடித்து ரொட்டி சுட முயல்வோர், மா ஒட்டாது உதிர்வதைக் கண்டு கைவிடுகின்றனர். கோதுமையிலுள்ள பசைப்புரதம் சோளத்தில் இல்லாமையே காரணம். இதற்குப் பரிகாரம் நமது வெற்றிலை வட்டாவிலேயே உள்ளது.

சுண்ணாம்பின் பயன்

சோளத்தின் தாயகமான மெக்சிக்கோவில், மணியைச் சுண்ணாம்பு நீரில் அவித்து ஊறவைத்து அரைத்தே ரொட்டி செய்கின்றனர். சுண்ணாம்பின் காரத்தால் மணியின் தோல் கழன்று, மா பிசைவதற்கு இசைகின்றது. கல்சியம் கூடுகின்றது. மேலும், சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்து விடுபட்டு உடலிற் சேருகின்றது.

ஐரோப்பியர் சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர், இம்முறையைக் கொண்டுசெல்லவில்லை. சோளத்தையே நாளும் உண்ட வறியோரிடையே தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா நோய் பரவிற்று. ஸ்பெயினில் காசால் என்னும் வைத்தியர் 1735 இல் இதனை விவரித்தார். நியாசினே இதற்கு மருந்தாகும் என்பது 1937 இல் எல்வெஜெம் என்பாரின் ஆய்வால் தெளிவாயிற்று. சோறும் மீனும் பருப்பும் உண்பவர்க்கு இந்நோயச்சம் குறைவு. ஆயின் சோளத்தை முக்கிய உணவாகக் கொள்ளுங்கால் இம்முறையைக் கைக்கொள்ளல் வேண்டும்.

செய்முறை

1. நன்கு உலர்ந்த மணி 1 கிலோ எடுத்து, பூஞ்சணம் பிடித்தவற்றையும் நிறம் மாறியவற்றையும் நீக்குக. பூஞ்சண நஞ்சு அவிப்பதால் முற்றாக அழியாது. மருந்து பூசிய விதைச் சோளத்தை ஒருபோதும் உண்ணலாகாது.

2. நீற்றிய சுண்ணாம்புத் தூள் 10 கிராமை 3 லீற்றர் நீரிற் கரைக்க. நிறமும் வாசனையும் சேராத வெற்றிலைச் சுண்ணாம்பாயின், அதில் ஈரம் உள்ளமையால், 20 கிராம் எடுக்கலாம். நீறாத சுண்ணாம்புக்கல் நீர் பட்டதும் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும், அதனைத் தவிர்க்க. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும், மண்பானையே நன்று.

3. மணியை இந்நீரிலிட்டு, கொதித்தபின் மெல்லிய தீயில் 40 நிமிடம் அவித்து இறக்கி, இரவு முழுவதும் மூடி வைக்க. காலையில் தோல் கழலத் தேய்த்து, மூன்று முறை நன்னீரிற் கழுவுக.

4. அம்மியில் நீர் தெளித்து மைய அரைத்து, உப்பிட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்க. பின் தேசிக்காய் அளவு உருண்டைகளாக்குக. அமுக்கும்போது ஓரம் வெடித்தால் நீர் போதாது. கையில் ஒட்டினால் நீர் மிகுதி.

அமுக்குப் பலகை

எட்டு அங்குலச் சதுரமான இரு தடித்த பலகைகளை ஒரு பக்கத்தில் பிணைச்சலால் இணைத்தாற் போதும். உருண்டையை எண்ணெய் தடவிய இரு வாழையிலைத் துண்டுகளுக்கிடையில் வைத்து, மேற்பலகையை மூடி ஒரே சீராக அமுக்குக. ரொட்டி வட்டமாகவும் மெல்லியதாகவும் அமையும். காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெயின்றிப் பக்கத்துக்கு ஒரு நிமிடமளவு சுட்டு, துணியிற் சுற்றி வைத்தால் மென்மை கெடாது. மீன் குழம்பும் சம்பலும் இதற்கு ஏற்றவை.

முதலில் கால் கிலோவிற் செய்து பழகுக. அடுத்த அறுவடையில் முழு விளைச்சலையும் விற்றுவிடாது, பல்லாற் கடித்தால் நொறுங்குமளவு உலர்த்திய மணியில் ஒரு சாக்கு வீட்டுக்கென ஒதுக்கி வைத்தல் நன்று.