நனைந்த மடிக்கணினியைக் கழுவலாமா?

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. கரைபுரண்ட தாமிரபரணி, நெல்லைச் சந்திப்பிலும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்களிலும் வீடுகளுக்குள் புகுந்தது. நனைந்த எதையும் வெயிலில் உலர்த்துவது நமது வழக்கம். பாய்க்கும் நெல்லுக்கும் அது போதும், மடிக்கணினிக்குப் போதாது.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எளிய இல்லங்கள் பலவற்றிலும் இக்கருவி இடம்பெற்றது. பிள்ளையின் பாடங்களும், சான்றிதழ்ப் படிகளும், மறைந்த பெரியோரின் நிழற்படங்களும் அதனுள் இருக்கின்றன. அதைக் கெடுக்க வெள்ளந்தான் வரவேண்டும் என்பதில்லை. மேசைமேல் கவிழும் ஒரு குவளைத் தேநீரே போதும்.

நீர் எவ்வாறு தீங்கு செய்கிறது? தூய நீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாயும். ஆனால் வெள்ளநீரில் உப்பும் சேறும், தேநீரில் பாலும் சர்க்கரையும் கலந்துள்ளன. ‘மதர்போர்டு’ எனப்படும் சுற்றுப்பலகையில் மயிரிழை போன்ற செப்புக் கோடுகள் நெருங்கி ஓடுகின்றன. ஈரத்தின் ஊடே மின்சாரம் பாயும்போது ஒரு கோட்டின் செம்பு கரைந்து, அடுத்த கோட்டில் கிளைகிளையாகப் படிகிறது. இறுதியில் இரு கோடுகளும் ஒட்டிக்கொள்ள, பலகை பழுதாகிறது. செப்புக் குடத்தில் நாம் காணும் பச்சைக் களிம்பு இங்கும் ஏறும். ஆக, நீரைக் காட்டிலும் பெரிய பகை, நீரோடு சேர்ந்த மின்சாரமே.

எனவே முதற்கடமை மின்சாரத்தைத் துண்டிப்பது. சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குக. கணினி ஓடிக்கொண்டிருந்தால், அது அணையும்வரை மின்பொத்தானைப் பத்து நொடிகளுக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்க. பின்னர் விரித்தவாறே கவிழ்த்து வைத்தால், நீர் வந்த வழியே வடியும். அணைத்த பின்பும் மின்கலத்திலிருந்து பலகையின் சில பகுதிகளுக்கு மின்சாரம் செல்லும். ஆகையால் அடிமூடியைக் கழற்றி மின்கல இணைப்பை விரைவில் நீக்குதல் வேண்டும்.

“வேலை செய்கிறதா, பார்ப்போம்” என்று இயக்கிப் பார்ப்பதே பல கணினிகளுக்கு முடிவாகிறது. பதறிய காரியம் சிதறும் என்பது இங்கு முற்றிலும் பொருந்தும். அரிசியில் புதைத்து வைப்பதாலும் பயனில்லை. அரிசி உப்பை அகற்றாது. அதன் தூசியும் உள்ளே புகும். சூடான காற்றை ஊதினால் ஈரம் சில்லுகளின் அடியில் ஒதுங்கும்.

இனித் தலைப்பில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஆம், கழுவத்தான் வேண்டும்! ஈரம் காய்ந்தாலும் உப்பும் சர்க்கரையும் காய்ந்து போவதில்லை. காற்றின் ஈரத்தை ஈர்த்து மீண்டும் அரிக்கத் தொடங்கும். தொழிற்சாலைகளிலேயே ஈயப்பற்று வைத்தபின் பலகைகளை நீரால் கழுவும் முறை உண்டு. மின்கலம், விசிறி, சேமிப்பகம் ஆகியவற்றை நீக்கிப் பலகையைத் தனியே எடுத்து, இன்வெர்ட்டருக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். பின்னர் 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, மெல்லிய தூரிகையால் தேய்க்க வேண்டும். இது எளிதில் தீப்பற்றும். அருகில் அடுப்போ விளக்கோ ஆகாது. செப்புப் பாத்திரத்துக்கு உதவும் புளி இங்கு உதவாது. அதன் புளிப்பு செம்பையே தின்றுவிடும். சில்லுகளின் அடியில் புகுந்த அழுக்கை அகற்ற, பழுதுபார்ப்போர் சிலரிடம் மீயொலித் தொட்டி உண்டு. ஓரிரு நாள் நன்கு உலர்த்தி, மீட்டரால் சோதித்த பின்னரே மின்சாரம் தருதல் நலம். பழக்கமில்லாதவர் மின்சாரத்தைத் துண்டிப்பதோடு நின்று, எஞ்சியதைத் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

வெள்ளத்தில் மூழ்கிய மின்கலத்தை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது, அது தீப்பற்றக்கூடும். வீட்டுக்கு வெளியே தனித்து வைத்து, மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுத்து விடுக.

பலகை பிழைக்காவிடினும் மனம் தளரற்க. 2003இல் சிதைந்த கொலம்பியா விண்ணோடத்தின் இடிபாடுகளில் கிடைத்த ஒரு வன்தட்டிலிருந்து ஏறத்தாழ அனைத்துத் தகவல்களையும் வல்லுநர் மீட்டனர். நனைந்த வன்தட்டை நீங்களே திறவாமலும் இயக்காமலும் வைத்திருந்தால் உங்கள் படங்களும் மீளலாம்.

ஐப்பசி பிறக்குமுன் அவற்றுக்கு ஒரு படி எடுத்து, மேட்டு நிலத்திலுள்ள உறவினர் இல்லத்தில் வைப்பது அதனினும் நன்று.