புளோயர் நின்னா என்ன ஆகும்?

ராத்திரி ரெண்டு மணிக்கு அசைன்மென்ட் எழுதும்போது ஹாஸ்டலுக்குப் பின்னாடி 'ம்ம்ம்...' என்று ஒரு சத்தம் ஓயாமல் கேட்குமே, கவனிச்சிருக்கீங்களா? அது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் புளோயர். தொட்டிக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். இந்த மாதிரி நிலையங்களில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு வேலைக்கே போய்விடும். யாருக்காக இவ்வளவு செலவு? பாக்டீரியாவுக்காக. தண்ணீரைச் சுத்தம் பண்றது அவைதான். அவற்றுக்கு மூச்சு விடக் காற்று வேணும்.

ஒன்று இரண்டாகும் கணக்கு

பாக்டீரியா வளர்வது என்றால் ஒன்று இரண்டாகப் பிளப்பது. நம் குடலில் வாழும் ஈ.கோலைக்கு நல்ல சாப்பாடும் 37 டிகிரி சூடும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து மணி நேரத்தில் 30 முறை. கால்குலேட்டரில் 2-இன் அடுக்கு 30 போட்டுப் பாருங்க: 107 கோடிக்கு மேல் வரும்!

அப்படியே போனால் உலகம் தாங்காது. போகவும் போகாது. புது இடத்துக்குப் பழகக் கொஞ்ச நேரம், பிறகு வேகமான பெருக்கம், சாப்பாடு தீரத்தீர ஒரு தேக்கம், கடைசியில் சாவு. இதுதான் அதன் வளர்ச்சி வரைபடம். புது சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்ட ஆரம்பிக்கும்போது மாட்டுச்சாணமோ, ஓடிக்கொண்டிருக்கும் வேறு நிலையத்தின் சேறோ கரைத்து ஊற்றுவாங்க. தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான்.

வாய் இல்லாத சாப்பாடு

பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. மெஸ் கழிவில் வரும் மாவுச்சத்து, புரதம், எண்ணெய் எல்லாம் பெரிய மூலக்கூறுகள். செல் சவ்வைத் தாண்டி உள்ளே நுழையாது. அதனால் பாக்டீரியா நொதிகளை வெளியே விட்டு, அங்கேயே சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, சவ்வில் இருக்கும் புரத வாசல்கள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கார்பன் மட்டும் போதாது. புரதம் கட்ட நைட்ரஜன், டிஎன்ஏ கட்ட பாஸ்பரஸ் வேணும். ஆக்சிஜன் தேவைக் கணக்கில் 100 பங்கு கழிவுக்கு 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்பது சுத்திகரிப்பு நிலையங்களில் வழக்கமான விகிதம்.

எலக்ட்ரானை யாரிடம் கொடுப்பது?

இதுதான் முக்கியமான இடம். சாப்பாட்டிலிருந்து உருவிய எலக்ட்ரான்கள் சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகும். அந்த ஓட்டத்தின் சக்தியில் புரோட்டான்கள் வெளியே தள்ளப்படும். அவை திரும்பி உள்ளே பாயும்போது ஒரு புரதச் சக்கரம் சுழன்று ஏடிபி தயாராகும். மேட்டூர் அணைத் தண்ணீர் டர்பைனைச் சுற்றுகிற அதே கதை.

ஆனால் கடைசியில் அந்த எலக்ட்ரானை யாராவது வாங்கிக்கொள்ளணும். வாங்குவதில் கெட்டிக்காரன் ஆக்சிஜன். அது இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்கும். வெறும் நொதித்தல் என்றால் பெரும்பாலும் 2 தான்.

சிக்கல் என்னவென்றால், 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். பசியோடு இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவுக்கு இது யானைப்பசிக்குச் சோளப்பொரி. புளோயர் நின்றால் சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு நைட்ரேட்டில் மூச்சு விடுபவை வேலை செய்யும். அதுவும் தீர்ந்தால், டீசல்ஃபோவிப்ரியோ போன்ற இன்னொரு கூட்டம் சல்பேட்டிடம் எலக்ட்ரானைக் கொடுக்கும். சிறுநீரிலும் சோப்புத்தூளிலும் சல்பேட் உண்டு. அதிலிருந்து வெளிவருவது ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகின முட்டை நாற்றம்.

நாற்றம் நின்றால் பயப்படுங்க

புளோயரே இல்லாத, மூடிக்கிடக்கும் செப்டிக் டேங்கில் இந்த வாயு சேற்றுக்குள் தேங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்தபோது பெரிதாக நாறாமல் இருக்கலாம். உள்ளே இறங்கிச் சேற்றைக் கலக்கியதும் மொத்தமாகக் கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே நிற்கும். செறிவு 100 பிபிஎம் அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். 1000 பிபிஎம்மை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். நம் செல்லில் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும் அந்தக் கடைசிப் படியையே இந்த வாயு அடைத்துவிடுகிறது.

செய்தித்தாளில் "ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய இருவரும் பலி" என்று படிக்கிறோமே, காரணம் இதுதான். முகத்தில் துண்டு கட்டுவதால் பயன் இல்லை. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவும் கூடாது, மீத்தேன் இருக்கும். யாராவது விழுந்தால் நீங்க இறங்காதீங்க. 101-க்கு அடிங்க, மூச்சுக் கருவியோடு வருபவர்கள்தான் இறங்கணும்.

பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இறப்புகள் இன்னும் நிற்கவில்லை. கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் செய்த பாண்டிகூட் என்ற ரோபோ 2018-இல் திருவனந்தபுரத்தில் மேன்ஹோலில் மனிதனுக்குப் பதிலாக இறங்கியது. அவங்களும் நம்மைப் போல மாணவர்களாக இருந்தவங்கதான்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? இன்னிக்கு ராத்திரி அந்த 'ம்ம்ம்...' சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கொஞ்சம் யோசிங்க.